திரும்பி வந்த 40 புஷ்கள்

கோவை கணபதியில் ஒரு சிறிய இயந்திரப் பட்டறையில் நான் தர ஆய்வாளராக இருந்த காலத்தில், நாங்கள் கடைந்து அனுப்பிய 40 எஃகு புஷ்கள் ஒரே பெட்டியில் அப்படியே திரும்பி வந்தன. கட்டைவிரல் பருமனுள்ள அந்தச் சிறு உருளைகள் ஏதோ ஒரு ஹெலிகாப்டரின் உள்ளே பொருந்த வேண்டியவை. எந்த இடத்தில் என்று எங்களுக்குச் சொல்லப்படவில்லை. சொல்வது வழக்கமும் இல்லை. மைக்ரோமீட்டரில் அளந்தால் நாற்பதுமே வரைபடம் கேட்ட அளவுக்குள்ளேயே இருந்தன. அவற்றை வெட்டியெடுத்த எஃகுக் கம்பி எந்த உருக்கில் வார்க்கப்பட்டது என்பதைச் சொல்லும் 'ஹீட் நம்பர்' எங்கள் பதிவேட்டில் ஓரிடத்தில் விடுபட்டுப் போயிருந்தது. திருப்பி அனுப்பியதற்கு அது ஒன்றே காரணம். லேத்தில் முப்பது ஆண்டுகள் நின்ற மூத்த டர்னர் ஒருவர் அந்தப் பெட்டியைப் பார்த்துவிட்டு, "ஏனுங் தம்பி, அளவெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது? பொறகு எதுக்குத் திருப்பி அனுப்புனாங்க?" என்று கேட்டார். விதி அப்படி என்பதைத் தவிர எனக்கு அன்று சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்வியால்தான் ஹெலிகாப்டர் எப்படி உருவாகிறது என்பதைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். அசெம்பிளி கூடத்துக்குள் நான் வேலை பார்த்ததில்லை என்பதையும், உதிரிப்பாகம் செய்யும் பட்டறையின் பக்கத்திலிருந்தே இதை எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எஞ்சின் நின்றுபோனால் ஹெலிகாப்டர் கல்லைப் போல விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், கீழிறங்கும்போது மேல்நோக்கி வரும் காற்றே, உச்சியில் பிளேடுகளோடு சுழலும் விசிறியான ரோட்டாரைச் சுழற்றிக்கொண்டிருக்கும். தேர்ந்த விமானி அந்தச் சுழற்சியை வைத்தே பத்திரமாகத் தரையிறக்கிவிட முடியும். பெரிய ஹெலிகாப்டர்களில் எஞ்சினும் இரண்டு இருக்கும். ஆனால் எஞ்சினுக்கு மேலே போகப் போக, மாற்று என்று ஒன்றும் இல்லாத பாகங்கள் வருகின்றன: பிரதான கியர்பாக்ஸ் ஒன்று, ரோட்டாரின் தண்டு ஒன்று, விமானியின் கட்டளையைச் சுழலும் பிளேடுகளுக்குக் கொண்டு செல்லும் ஸ்வாஷ் பிளேட் ஒன்று. வியட்நாம் போர்க் காலத்து அமெரிக்க வீரர்கள், ரோட்டாரைத் தண்டோடு பிணைக்கும் அந்த ஒற்றை நட்டுக்கு 'ஏசு நட்டு' என்று பெயர் வைத்தார்கள். அது கழன்றால் அவரைக் கூப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்பது அவர்கள் கணக்கு. எங்கள் ஊரில் பம்ப் செட்டின் பேரிங் போனால் தண்ணீர் நிற்கும், விவசாயி நாலு வசவு வைவார், மறுநாள் மாற்றிக்கொள்ளலாம். பறந்துகொண்டிருக்கும் கியர்பாக்ஸுக்கு மறுநாள் கிடையாது. ஆகவே, பழுதடைந்தால் சமாளிக்க இடமில்லாத பாகங்களைப் பழுதடையாதபடி பிறப்பிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுப்பு முழுவதும் தொழிற்சாலையின் மேல் விழுகிறது.

இந்தியாவில் இந்தப் பொறுப்பை மிக நீண்ட காலமாகச் சுமந்து வருவது பெங்களூரில் உள்ள இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம், அதாவது எச்.ஏ.எல். பிரான்ஸின் அலூவெட் ஹெலிகாப்டரை உரிமம் பெற்றுத் தயாரிக்க 1962-இல் ஒப்பந்தம் செய்து, அதற்குச் 'சேத்தக்' என்று பெயரிட்டார்கள். 1970-இல் லாமா என்ற இன்னொரு பிரெஞ்சு ஹெலிகாப்டருக்கு உரிமம் வாங்கி, அதைச் 'சீட்டா'வாக்கினார்கள். பிறர் வரைந்த படத்தைப் பார்த்துச் செய்வதில் ஒரு சௌகரியம் உண்டு: ஓர் அளவு ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியாமலேயே அதைக் கடைந்துவிடலாம். எங்கள் பட்டறை செய்ததும் அதுதான். 1984-இல் மேற்கு ஜெர்மனியின் எம்.பி.பி நிறுவனத்தின் துணையோடு சொந்தமாக ஒரு ஹெலிகாப்டரை வடிவமைக்க முனைந்தபோது அந்தச் சௌகரியம் போயிற்று. 'துருவ்' முதன்முதலில் பறந்தது 1992-இல். படைகளின் கைக்கு அது வந்து சேர்ந்தது 2002-இல். இடையிலிருந்த பத்தாண்டுகளைத் தாமதம் என்று எழுதுபவர்கள் உண்டு, அதில் உண்மையும் உண்டு. ஆனால் ஒவ்வொரு அளவுக்கும் காரணத்தைத் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தவர்களின் பத்தாண்டுகள் அவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஹெலிகாப்டரின் உடற்கூடு, வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரிதாகத் தெரிந்தாலும், தயாரிப்பில் ஒப்பளவில் எளிய பகுதி. மூக்கு, நடு அறை, வால் தண்டு என்று தனித்தனியாக, ஜிக் எனப்படும் கனமான இரும்புச் சட்டங்களுக்குள் வைத்து, அலுமினியத் தகடுகளையும் விலா எலும்பு போன்ற சட்டங்களையும் ரிவெட் அடித்துச் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு துளையையும் துளைத்த பின் பிசிறு நீக்கி, துருத்தடுப்புப் பூச்சு பூசி, இடைவெளிகளை அடைத்து, அதன் பிறகு மூன்று பகுதிகளையும் ஒன்றாக்குகிறார்கள். துருவ்வின் வெளித்தோலில் பெரும்பகுதி கார்பன் இழையும் கெவ்லார் என்ற வலிய செயற்கை இழையும் கலந்த கூட்டுப்பொருள் ஆகையால், அங்கே ரிவெட்டுக்கு வேலை குறைவு. இந்த நிலையில் என்னை வியக்க வைப்பது மின்கம்பி வேலைதான். ஹெலிகாப்டருக்குள் போகவேண்டிய கம்பிக் கற்றைகளை முழு அளவில் பலகையில் வரைந்து, அந்த வரைபடத்தின் வளைவுகளில் ஆணிகளை நிறுத்தி, பூக்கட்டுவதைப் போலக் கைகளாலேயே கட்டுகிறார்கள். ஒவ்வொரு கம்பிக்கும் எண் உண்டு. பொருத்திய பின் ஒன்றுவிடாமல் மின்சாரம் பாய்ச்சிச் சோதிக்கப்படும்.

பிளேடுக்கு வரும்போது வேலையின் இயல்பே மாறுகிறது. துருவ்வின் ரோட்டார் விட்டம் 13.2 மீட்டர், அது நிமிடத்துக்கு 314 முறை சுற்றுகிறது. கணக்குப் போட்டால், பிளேடின் நுனி நொடிக்கு ஏறத்தாழ 217 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது, அதன் அடிப்பகுதியோ பல டன் இழுவிசையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. 1940-களில் உற்பத்தியான சிகோர்ஸ்கியின் ஆர்-4 ஹெலிகாப்டரில் பிளேடு என்பது எஃகுக் குழாயில் மரவிலாக்களைக் கோத்துத் துணி போர்த்தியது. மழையில் நனைந்தால் துணியும் மரமும் கனக்கும், கனம் ஒரு பக்கம் கூடினால் முழு ஹெலிகாப்டரும் ஆடும். இன்று கண்ணாடி இழையும் கார்பன் இழையும் அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. பிசின் முன்கூட்டியே ஊறிய இழைத்துணிச் சுருள்கள், பிசின் கெட்டியாகிவிடாமல் இருக்கப் பூஜ்யத்துக்கும் கீழே 18 டிகிரிக் குளிர்கிடங்கில் வைக்கப்படுகின்றன. கிடங்கிலிருந்து வெளியே எடுத்த நிமிடத்திலிருந்து ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. அந்தச் சுருள் மொத்தம் எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது என்பது அதன் அட்டையில் எழுதப்பட்டுக்கொண்டே வரும், வரம்பைத் தாண்டினால் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் குப்பைக்குப் போகும். என் புஷ்களின் கதையை நான் இந்த இடத்தில்தான் முதன்முதலில் அடையாளம் கண்டேன்.

தூசு புகாத அறையில், அச்சுக்குள் ஒவ்வோர் இழைத்துணியும் குறித்த திசையில் அடுக்கப்படுகிறது. பிளேடின் நீளவாக்கில் போகும் இழைகள் இழுவிசையைத் தாங்கும், சாய்வாகப் போகும் இழைகள் முறுக்கலைத் தாங்கும். ஓர் அடுக்கைத் திசைமாற்றிப் போட்டால், வெளியில் எந்த வித்தியாசமும் தெரியாமல் பிளேடின் குணமே மாறிவிடும். நடுவில் நுரை அல்லது தேனடை வடிவ நிரப்பி வைத்து, முன்விளிம்பில் மணலும் மழையும் அரிக்காதபடி உலோகக் கவசம் ஒட்டி, மூடி, சூட்டிலும் அழுத்தத்திலும் வேக வைக்கிறார்கள். ஆட்டோகிளேவ் என்பது ஓர் அறை அளவுக்குப் பெருத்த குக்கர்தான். விசிலுக்குப் பதிலாக அதில் வெப்ப வரைபடம் வரும், அந்த வரைபடமும் பிளேடின் கோப்பில் சேரும். வெந்து வந்த பிளேடை மீயொலியால் சோதிக்கிறார்கள். அதோடு இன்னும் கைவிடப்படாத பழைய முறை ஒன்றும் இருக்கிறது: சந்தையில் தேங்காயைச் சுண்டிப் பார்ப்பதைப் போல, சிறு சுத்தியால் அங்குலம் அங்குலமாகத் தட்டிக் காதால் கேட்பது. அடுக்குகள் ஒட்டாத இடம் மந்தமாக ஒலிக்கும்.

அடுத்து எடை. ஒரு தொகுதி பிளேடுகள் எல்லாம் ஒரே எடையில் இருந்தால் போதாது, எடை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பரவியிருக்கும் விதமும் ஒத்துப்போக வேண்டும். இதற்கென 'மாஸ்டர்' பிளேடு ஒன்று உண்டு; புதிதாகப் பிறந்த ஒவ்வொன்றும் அதோடு ஒப்பிடப்பட்டு, நுனிக்கருகே உள்ள சிறு குழியில் கிராம் கணக்கில் எடைகள் வைத்துச் சமன் செய்யப்படுகிறது. பின்னர் சுழற்றும் கோபுரத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார்கள். இவ்வளவும் செய்வதன் பயன், பின்னாளில் எங்கோ ஒரு மலைத்தளத்தில் ஒரு பிளேடு பழுதானால், நான்கையும் மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்ற முடிவது.

அப்படியும் ஹெலிகாப்டரில் ஏற்றிய பின், நான்கு நுனிகளும் ஒரே தளத்தில் சுற்றுகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். இப்போது கேமராவும் அதிர்வுமானியும் அதைச் சொல்லிவிடுகின்றன. முன்பு இதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டார். ஒவ்வொரு நுனியிலும் ஒரு வண்ணச் சாக்பீஸைத் தேய்த்துவிட்டு, நீண்ட கம்பத்தில் கட்டிய கித்தான் பட்டையைப் பிடித்துக்கொண்டு, சுழலும் ரோட்டாரின் விளிம்பை நோக்கி அவர் அங்குலம் அங்குலமாக நகர்ந்து, நுனிகள் பட்டையை ஒருமுறை உரசியவுடன் விலகிக்கொள்வார். பட்டையில் பதிந்த நிறக்கோடுகளின் உயர வித்தியாசமே அளவீடு. எந்த நிறம் மேலே நிற்கிறதோ அந்த பிளேடின் இணைப்புத் தண்டைச் சற்றே திருகி, மறுபடியும் ஓடவிட்டு, மறுபடியும் கம்பத்தோடு போக வேண்டும். தொழிற்சாலைகளில் வீரச்செயல் என்று யாரும் குறிப்பிடாத வேலைகளில் இதை முதலில் வைப்பேன்.

நான்கு பிளேடுகள் நிமிடத்துக்கு 314 முறை சுற்றினால் நொடிக்கு ஏறத்தாழ 21 உதறல்கள் உடலுக்குள் இறங்கும். எவ்வளவு சமன் செய்தாலும் இது போகாது, இது காற்றியக்கத்தின் இயல்பு. எனவேதான் துருவ்வில் கியர்பாக்ஸை உடலோடு நேரடியாகப் பிணைக்காமல், உதறலை எதிர்த்து ஆடித் தணிக்கும் நான்கு தாங்கிகளின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள்.

கியர்பாக்ஸ்தான் ஒரு நாடு ஹெலிகாப்டர் செய்ய வல்லதா என்பதைச் சொல்லும் பாகம் என்பது என் எண்ணம். துருவ்வின் பிந்தைய வகைகளில் இருக்கும் 'சக்தி' எஞ்சின், பிரான்ஸின் டர்போமெக்காவும் எச்.ஏ.எல்-உம் சேர்ந்து உருவாக்கியது. அதன் தண்டு நிமிடத்துக்கு 20,000-க்கும் மேல் சுற்றுகிறது. அந்த வேகத்தை 314-க்குக் குறைத்து, திசையைச் செங்குத்தாகத் திருப்பி, போகிற வழியில் வால் ரோட்டாருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், இவ்வளவையும் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்கும் பருமனுக்குள் செய்ய வேண்டும். வெற்றிடத்தில் மறு உருக்கு செய்த எஃகை அடித்து வடித்து, பல் வெட்டி, பல்லின் மேற்பரப்பில் மட்டும் கார்பனை ஏற்றிக் கடினமாக்கி, உள்ளே மென்மையும் வெளியே வைரமுமாக ஆக்கி, பிறகு மைக்ரான் அளவில் அரைக்கிறார்கள். அரைக்கும்போது சூடு கொஞ்சம் கூடினாலும் அந்த இடத்தில் கடினம் போய்விடும், கண்ணுக்கோ ஒன்றும் தெரியாது. ஆகவே சாராயத்தில் கலந்த நைட்ரிக் அமிலத்தில் கியரை முக்கி எடுக்கிறார்கள்; சூடுபட்ட இடம் கருத்துக் காட்டிக்கொடுத்துவிடும். காந்தத் துகள் சோதனை வெடிப்பைத் தேடும். கடைசியில் எங்கள் பட்டறைக்காரர்களுக்குப் பழகிய வேலை ஒன்று வருகிறது: பல்லில் சாயம் தடவிச் சுற்றிவிட்டு, இரு பற்களும் தொடும் தடம் பல்லின் நடுவில் விழுகிறதா, ஓரத்தில் ஒதுங்குகிறதா என்று பார்ப்பது. அந்தத் தடம் சரியாகும்வரை மெல்லிய தகடுகளைச் செருகியும் உருவியும் உட்கார வைப்பார் ஃபிட்டர்.

இந்தக் கவனத்துக்கெல்லாம் காரணம் மூன்று விபத்துகளைப் படித்தால் விளங்கும். 2009 மார்ச் 12 அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் எஸ்-92 ரக ஹெலிகாப்டர் ஒன்று விழுந்து 17 பேர் இறந்தனர். கியர்பாக்ஸின் எண்ணெய் வடிகட்டியைப் பிடித்திருந்த டைட்டானியம் திருகுகள் தேய்ந்து முறிந்து, எண்ணெய் வெளியேறியதில் தொடங்கியது அது. அதன் பிறகு அந்தத் திருகுகள் எஃகுக்கு மாறின. மூன்று வாரத்துக்குள், ஏப்ரல் 1 அன்று, ஸ்காட்லாந்துக்கு அப்பால் சூப்பர் பூமா ரக ஹெலிகாப்டர் ஒன்றில் கியர்பாக்ஸின் கோள் கியர் (நடு கியரைச் சுற்றிவரும் சிறு கியர்) ஒன்று முறிந்து 16 பேர் மாண்டனர். 2016 ஏப்ரல் 29-இல் நார்வேயின் தூரோய் தீவருகே, அதே குடும்பத்தைச் சேர்ந்த எச்225-இல் கிட்டத்தட்ட அதே கியர் முறிந்து ரோட்டாரே தனியே பறந்துபோயிற்று, 13 பேர் இறந்தனர். வெடிப்பு மேற்பரப்பில் ஒரு நுண்ணிய குழியில் தொடங்கி, எண்ணெயில் துகள் உதிர்த்து எச்சரிக்காமலேயே கியரின் உள்நோக்கி வளர்ந்திருந்தது. விசாரணையில் தெரிந்த ஒரு செய்தி என்னை இன்றும் விடவில்லை: அந்த கியர்பாக்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவில் லாரியில் போகும்போது சாலை விபத்தில் சிக்கியிருந்தது. இரண்டுக்கும் தொடர்பு இருந்ததாக விசாரணை நிறுவவில்லை. ஆனால் அதைத் தேட முடிந்ததே, அந்த கியர்பாக்ஸ் எந்த நாளில் எந்த லாரியில் இருந்தது என்பது எழுதப்பட்டிருந்ததால்தான்.

துருவ்வும் இதற்கு விலக்கல்ல. 2023-இல் அடுத்தடுத்து நடந்த விபத்துகளை அடுத்து, கட்டுப்பாட்டு அமைப்பில் இருந்த அலுமினியத் தண்டுகள் எஃகுத் தண்டுகளாக மாற்றப்பட்டன. 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூவர் இறந்தபோது, ஸ்வாஷ் பிளேட் உடைந்திருந்தது தெரியவந்து, 300-க்கும் மேற்பட்ட துருவ்கள் மாதக்கணக்கில் தரையில் நிறுத்தப்பட்டன. நம் சூலூரிலிருந்து எழும்பிக் காட்சிப் பறத்தல் நடத்தும் விமானப்படையின் சாரங் குழுவும் துருவ்வில்தான் பறக்கிறது. மயில் தீட்டிய அந்த ஹெலிகாப்டர்கள் தலைக்கு மேல் ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போகும்போது மற்றவர்கள் கைதட்டுகிறார்கள். என் மனம் ஸ்வாஷ் பிளேடின் பேரிங்குக்குப் போய்விடுகிறது. தொழில் செய்த கோளாறு.

ராணுவ ஹெலிகாப்டரும் பயணிகள் ஹெலிகாப்டரும் வேறு வேறு தொழிற்சாலைகளில் பிறப்பவை என்று நானும் ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. துருவ்வின் உருவாக்கத்துக்குத் துணைநின்ற எம்.பி.பி-யின் வாரிசாக இன்று ஏர்பஸ் நடத்தும் டோனவொர்த் ஆலையில், மருத்துவச் சேவைக்குப் போகும் எச்145-உம் படைக்குப் போகும் எச்145எம்-உம் ஒரே குடும்பமாகப் பிறக்கின்றன. துருவ்விலேயே தரைப்படைக்கும் விமானப்படைக்கும் சறுக்குச் சட்டம், கடற்படைக்கும் கடலோரக் காவல்படைக்கும் சக்கரம். அதே ரோட்டாரையும் கியர்பாக்ஸையும் எஞ்சினையும் எடுத்து, இருவர் முன்பின்னாக உட்காரும் ஒல்லியான உடலின் மேல் வைத்தால் 'பிரசண்ட்' என்ற தாக்குதல் ஹெலிகாப்டர். 156 பிரசண்ட்களுக்கு 2025 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. வித்தியாசம் அசெம்பிளியின் பிற்பாதியில் வருகிறது: கவச இருக்கைகள், குண்டு துளைத்தாலும் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டி, எஞ்சின் புகையின் சூட்டை மறைக்கும் குழாய், ஆயுதங்களுக்கான கம்பிக் கற்றைகள். பயணிகள் வகையில் அந்த எடை ஒலித்தடுப்புக்கும் இருக்கைகளுக்கும் போகிறது. அதைவிடப் பெரிய வித்தியாசம் யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்பது. இங்கே படைகளுக்கானதை ராணுவ வானூர்தித் தகுதிச் சான்று மையமான செமிலாக் ஆராய்கிறது, பயணிகளுக்கானதைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஆராய்கிறது. ஒரே கியர், இரண்டு கோப்புகள்.

எல்லாம் ஒரே ஊரில் செய்யப்படுவதும் இல்லை. அமெரிக்கத் தாக்குதல் ஹெலிகாப்டரான அப்பாச்சியின் உடற்கூடு 2018 முதல் ஹைதராபாத்தில் டாடா-போயிங் கூட்டு ஆலையில் செய்யப்பட்டு, அமெரிக்காவின் அரிசோனாவில் உள்ள மேசாவுக்குக் கப்பலேறுகிறது; கியர்பாக்ஸும் பிளேடும் அங்கேதான் ஏறுகின்றன. கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் 615 ஏக்கரில் எச்.ஏ.எல் கட்டிய புதிய ஆலைக்கு 2016-இல் அடிக்கல் நாட்டி, 2023 பிப்ரவரி 6-இல் திறந்தார்கள். மூன்று டன் வகை இலகு ஹெலிகாப்டரில் தொடங்கி, ஆண்டுக்கு 30 என்பது முதல் இலக்கு, படிப்படியாக 90 வரை உயர்த்துவது திட்டம். ஆண்டுக்கு 30 என்றால் மாதத்துக்கு மூன்றுகூட இல்லை. கார் ஆலையைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது மந்தமாகத் தோன்றும். இறுதி அசெம்பிளியில் ஹெலிகாப்டர் நகர்ந்துகொண்டே இருப்பதில்லை. நின்ற இடத்தில் நாள்கணக்கில் நிற்கிறது. ஆட்கள்தான் அதனிடம் வந்து போகிறார்கள். கியர்பாக்ஸை இறக்கி, எஞ்சினை இணைத்து, வால் தண்டோடு ஓடும் நீண்ட அச்சை நேர்செய்து, எரிபொருள் கசிவு பார்த்து, எடை போட்டு, ஈர்ப்பு மையத்தைக் கணக்கிட்டு, தரையில் ஓடவிட்டுப் பின்புதான் முதல் பறத்தல். ஒவ்வொரு திருகையும் இறுக்கியவர் ஒருவர், இறுக்கியதைப் பார்த்துச் சிவப்புக் கோடு இழுத்துக் கையெழுத்திட்டவர் இன்னொருவர். வேலை முடிந்ததும் கருவிப்பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு ஸ்பேனரும் அதனதன் குழியில் இருக்கிறதா என்று எண்ணுகிறார்கள். ஒன்று குறைந்தாலும் ஹெலிகாப்டர் கிளம்பாது.

ஹெலிகாப்டரோடு ஒப்படைக்கப்படும் கோப்புகளில் முக்கியமான பாகம் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை இருக்கிறது. எந்த உருக்கு, எந்தச் சூளை, யார் கடைந்தது, எத்தனை மணி நேரம் பறக்கலாம், இதுவரை எத்தனை பறந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். பாகம் ஒரு ஹெலிகாப்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் அட்டையும் கூடவே போகும். நாளைக்கு ஒரு குறிப்பிட்ட உருக்கில் வந்த எஃகில் கோளாறு என்று தெரிந்தால், அந்த உருக்கிலிருந்து வந்த பாகங்கள் எந்தெந்த ஹெலிகாப்டரில், எந்தெந்தத் தளத்தில் இருக்கின்றன என்பதை அந்த அட்டைகளைக் கொண்டுதான் கண்டுபிடிக்க முடியும். ஹீட் நம்பர் இல்லாத என் 40 புஷ்களை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

அவற்றை நாங்கள் பம்ப் செட் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமா என்று டர்னர் கேட்டார். நல்ல எஃகு, வீணாவானேன் என்பது அவர் நியாயம். அதற்கும் விதி இருந்தது. நிராகரித்த பாகம் எப்படியாவது சுற்றி மறுபடியும் ஒரு பெட்டிக்குள் வந்துவிடக் கூடாது என்பதால், பயன்படாதபடி சிதைத்துவிட வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை ஷிஃப்ட் முடிந்த பின், அவர் வைஸில் ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுக்க, நான் கட்டிங் வீலால் அறுத்தேன். 40 என்று எண்ணிப் படிவத்தில் எழுதி, நான் ஒரு கையெழுத்தும் அவர் ஒரு கையெழுத்தும் போட்டோம்.